காலர் இல்லாமல் ஹேவாஹெட்டவுக்கு

2025 ஜூன் 8, ஞாயிறு

இன்றும் ஆலயத்தில் கடைசியிலிருந்து மூன்றாவது வாங்கில் இருந்தோம். தாத்தா ஓய்வுபெற்று ஆறு வருடமாக அதே இடம்தான். நாற்பது வருடம் பிரசங்கம் செய்தவர், இப்போது பிரசங்கம் நீண்டால் மெதுவாக மணிக்கூட்டைப் பார்க்கிறார். நான் கண்டுவிட்டேன் என்று தெரிந்ததும் கண்ணைச் சிமிட்டினார்.

வீட்டுக்கு வந்து என் சீருடையை அயன் பண்ணிக்கொண்டிருந்தபோது, ஹேவாஹெட்டவிலிருந்து றமீலா அக்காவின் அழைப்பு. அவருடைய அம்மா பாலம்மாக்கா படுத்த படுக்கையாம். "பெரிய ஐயா ஒருக்கா வந்தா போதும்னு சொல்லிக்கிட்டே இருக்கு."

தாத்தா கேட்ட முதல் கேள்வி, "சுதேஷ் போதகருக்குச் சொன்னீங்களா?"

தாத்தாவுக்குப் பிறகு ஹேவாஹெட்டச் சபைக்கு வந்தவர் அவர். தாத்தா போனிலேயே ஜெபித்தார். போகவில்லை. போதகர் ஒருவர் விலகிய சபைக்குத் தானாகத் திரும்பிப் போய் ஊழியம் செய்யக்கூடாது, இப்போது இருப்பவர் அழைக்க வேண்டும். எங்கள் சபை வழக்கம் அப்படி. கல்யாணம், சாவு எதற்குமே தாத்தா இந்த ஆறு வருடத்தில் அந்த மலைப்பக்கம் போனதில்லை.

ஜூன் 10

கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு ஹேவாஹெட்டப் போதகர் வீட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதுவரை அங்கேதான் வளர்ந்தேன். ஜம்பு மரம். மழை பெய்தால் பேச்சே கேட்காத தகரக் கூரை. பாலம்மாக்கா கிழமை நாட்களில் தேயிலைக் கொழுந்தெடுப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆலய மணி அவர் பொறுப்பு. கயிற்றின் நுனியை என்னிடம் தருவார். மணி ஆடும்போது என் கால் நிலத்தைவிட்டு எழும்பும். "கெட்டியாப் புடிச்சுக்க பாப்பா, பரலோகம் போயிராத!"

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "என் பரிசளிப்பு விழா ஒண்ணுக்கும் அப்பா வந்ததில்ல. எந்தத் தோட்டத்திலயாவது யாருக்காவது காய்ச்சலா இருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்கும் சேர்த்துத்தானோ என்னவோ, தாத்தா இப்போது என் நெட்போல் போட்டிகளுக்கெல்லாம் வருகிறார். எதிரணி கோல் போட்டாலும் கைதட்டுகிறார்.

ஜூன் 11

தாத்தா இரண்டு தடவை தேத்தண்ணியை ஆறவிட்டார்.

ஜூன் 12

வகுப்பில் என் தோழி ரிப்காவிடம் எல்லாம் சொன்னேன். "வழக்கமாம் வழக்கம்! மவுத்தாகப் போற மனுசி கூப்பிடுது. அதுக்கும் பேர்மிட் வேணுமா?" என்றாள். சரிதானே?

பின்னேரம் தாத்தா குளிக்கப் போனபோது, அவர் போனிலிருந்து சுதேஷ் போதகருக்கு எழுதினேன் — தாத்தா எழுதுவது போலவே. 'பாலம்மா என்னைத் தேடுகிறார். சனிக்கிழமை வந்து திருவிருந்து கொடுக்கிறேன்.'

உடனே பதில் வந்தது. 'நல்லது ஐயா. போன வாரம் மூன்று நாள் அவங்க பக்கத்தில் இருந்தேன். அப்பவும் உங்களைத்தான் கேட்டாங்க. நான் என்ன குறை வைத்தேனோ தெரியவில்லை.'

ஐயோ. அவரைப் பற்றி நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கலையே. இப்ப என்ன செய்ய?

ஜூன் 13

சொல்லிவிட்டேன். தாத்தா இரண்டு செய்திகளையும் கண்ணாடி போட்டு வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

என் முன்னாலேயே சுதேஷ் போதகருக்குப் போன் எடுத்தார். "தம்பி, எழுதினது என் பேத்தி. ஆசை என்னோடதுதான். ரெண்டுக்கும் மன்னிச்சுக்கங்க."

அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "ஆறு வருஷமா நீங்க எட்டிப் பாக்கலயே ஐயா. என்னப் புடிக்கலன்னு நெனச்சேன்."

தாத்தா அப்படியே கதிரையில் உட்கார்ந்தார். "அடப்பாவி, உங்களுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னுதானே வரல!"

"நாளைக்கு வாங்க. நான் கூப்பிடுறேன்."

ஜூன் 14, சனி

தலாத்துஓயா வழியாகப் பஸ். தாத்தா போதகர் காலரை அலுமாரியிலேயே விட்டுவிட்டு, அம்மா வாங்கிக் கொடுத்த கட்டம்போட்ட சட்டையில் வந்தார். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பெயர் சொன்னார். இந்தப் பாலத்தில் கணேஸ் கல்யாணத்துக்கு வந்த லொறி நின்றது, அந்த லயத்து வீடொன்றில் இரட்டைப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம்.

பாலம்மாக்கா தலையணை அளவுக்குச் சுருங்கியிருந்தார். குரல் மட்டும் பழைய குரல். "யாரு இந்த மொதலாளி? எங்க ஐயாவத்தானே கூட்டியாரச் சொன்னேன்!"

"இப்ப நான் சும்மா ஆளு, பாலம்மா."

"அப்பன்னா இன்னிக்காவது தேத்தண்ணி குடிங்க. இங்க இருந்த பதினோரு வருஷமும் 'இன்னும் பத்து வீடு கெடக்கு'ன்னு ஓடிட்டீங்க."

கோப்பை முழுவதையும் குடித்தார்.

சுதேஷ் போதகர் திருவிருந்துக்கு ஆயத்தம் பண்ணினார். தாத்தா கட்டிலோரம் சீமெந்துத் தரையில் முழந்தாளிட்டார் — மூட்டு சொடக்கிட்ட சத்தம் எனக்குக் கேட்டது — இரண்டு கையையும் நீட்டி அவரிடம் அப்பத்தை வாங்கிக்கொண்டார். பாலம்மாக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் முறை வந்ததும் சுதேஷ் போதகரைப் பார்த்து, "குடுங்க, சின்ன ஐயா" என்றார்.

ஜூன் 24

பாலம்மாக்காவை இன்று அடக்கம் செய்தோம்.

சுதேஷ் போதகர்தான் நடத்தினார். நாங்கள் கடைசி வாங்கில். பெட்டியைத் தூக்கும்போதுதான், மணி அடிக்க யாரிடமும் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. இத்தனை வருடமும் அடித்தவரைத்தான் தூக்கிக்கொண்டு போகிறோம்.

சுதேஷ் போதகர் எல்லார் தலைக்கும் மேலாக எங்கள் பக்கம் பார்த்தார். "ஐயா, நீங்க வாங்க."

தாத்தா போய்க் கயிற்றைப் பிடித்தார். நுனியை என்னிடம் நீட்டினார். சுதேஷ் போதகர் தலையசைக்கும்வரை காத்திருந்து, பிறகு இழுத்தார்.

என் கால் நிலத்திலேயே நின்றது. நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.