மரமில்லாத தீவுகளிலிருந்து ஒரு பெயர்

நேற்று பெரிய மார்க்கெட்டில் ஒருத்தி கோஸின் வெளி இலைகளைக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை. நீங்கள் பக்கத்தில் நிற்பது போலிருந்தது.

அன்றைக்கு நமக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியபின் துறைமுக வேலை குறைந்துபோனது. தென்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவுகளின் ஆராய்ச்சி முகாமுக்குச் சமையல்காரராகப் போகிறேன் என்றீர்கள். நான் முழுகாமல் இருந்தேன்.

"வருஷத்துக்கு ஒரு கப்பல்தானாமே. பிரசவத்துக்கு எப்படி வருவீங்க?" என்று கேட்டேன்.

குருசுக்குப்பம் கடற்கரைக்கு அழைத்துப்போய்த் தெற்கே கை நீட்டினீர்கள். "இலங்கைய தாண்டினா அப்பறம் தண்ணி. வெறும் தண்ணி. அதுக்கும் அந்தாண்ட இருக்குது கெர்கெலென்." கோபத்தில் இருந்த எனக்கும் அந்தத் தூரத்தை நினைத்து உடம்பு சிலிர்த்தது.

தீவிலிருந்து திரும்பி வந்து நீங்கள் சொன்னதையெல்லாம் வாய் பிளந்து கேட்டோம். பெரிய தீவு ஒன்று, சுற்றிலும் முந்நூறு குட்டித் தீவுகள். மலைமேல் உருகாத பனி. மருந்துக்குக்கூட ஒரு மரம் கிடையாது. முதலில் அதைக் கண்ட மாலுமி கரையில் கால்கூட வைக்காமல் திரும்பிப்போய், வளம் கொழிக்கும் பெருநிலம் கண்டேன் என்று ராஜாவிடம் அளந்தானாம். மறுமுறை போனபோது இருந்தது பாறையும் மூடுபனியும்தான். பின்னால் வந்தவர்கள் கடல்நாய்களைக் கொன்று எண்ணெய் காய்ச்சினார்கள். ஈறு வீங்கிச் சாகக் கிடந்த கப்பல்காரர்களை அங்கே முளைக்கும் காட்டுக்கோஸ் பிழைக்க வைத்தது. அந்த ஊர் ஈக்கு இறக்கை கிடையாது. "றெக்கை இருந்தா காத்து கடல்ல தள்ளிடும்" என்றீர்கள்.

"மரமே இல்லியா? அப்ப அடுப்புக்கு?" என்று கேட்டார் அத்தை, உங்கள் அம்மா.

"மரம் கல்லா கெடக்குதும்மா. ஒரு காலத்துல காடு இருந்திருக்கு. கை வச்சுப் பாத்தேன். வளையம் வளையமா இருக்குது, ஆனா சில்லுனு கல்லு."

அத்தை சிலுவை போட்டுக்கொண்டார்.

நீங்கள் அங்கே இருந்தபோது நாங்கள் இங்கே பட்டது வேறு. மகள் பிறந்ததும் உங்கள் தம்பி தபாலாபீசுக்கு ஓடித் தந்தி கொடுத்தார். நீங்கள் பெயர் சொல்லி அனுப்பினால்தான் ஞானஸ்நானம் என்று பிடிவாதமாக இருந்தேன். பதிலே வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. "பேரில்லாமலே போயிடப் போவுதுடி" என்று அத்தை அழுதார். அப்போதுதான் தந்தி வந்தது. ஒரே சொல்: ஸ்டெல்லா. அன்று மாலையே கோயிலுக்குத் தூக்கிப்போனோம். பிழைத்துக்கொண்டாள்.

ஏன் அவ்வளவு தாமதம் என்று பின்னாளில் உங்களோடு சண்டை பிடித்தேன்.

"தந்தி வந்து சேர்ந்த பின்னாடியே அடிச்ச புயல்ல வயர்லெஸ் கம்பம் சாஞ்சிடுச்சு. சேதி வந்த அன்னிக்கே பேர் வச்சிட்டேன், உனக்குச் சொல்லத்தான் வழியில்ல. வெளிய போய் மலையைப் பாத்து அந்தப் பேரைச் சொல்லி சத்தமா கூப்பிட்டேன். குடும்பம், குழந்தைன்னு யாரும் வாழாத எடம். ஆனாலும் யாருகிட்டயாவது சொல்லணுமே."

அதற்குமேல் எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை.

ஸ்டெல்லாவுக்கே இப்போது காதோரம் நரைத்துவிட்டது. அவளைக் கூப்பிட வாயெடுக்கும்போதெல்லாம், பெற்ற நான் அறியும் முன்பே இந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு பனிமலைகள் நின்றன என்ற நினைப்பு வரும். ஒரு கணம் நாக்கு தயங்கும். பிறகு, தேவைக்கும் கொஞ்சம் அதிகமாகவே சத்தமாகக் கூப்பிடுவேன்.