மாமாவின் வலது கண்

அன்புள்ள மகளுக்கு,

நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அப்பாவின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், பல் இடுக்கில் ஒரு உறிஞ்சுகுழல் நுழைகிற இடம்தான், வேளைக்கு வேளை கஞ்சி, அதையும் மிக்ஸியில் அடித்து வடிகட்ட வேண்டும். பக்கத்து வீட்டு நர்ஸ் உன் ஊருக்கு வேலைக்குக் கிளம்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்ல முடியாது. ஒட்டுக் கேட்பார்கள் என்பதற்காக இல்லை. பாதியில் என் குரல் உடையும், நீ அழுகை என்று நினைத்துச் சமாதானம் சொல்ல ஆரம்பிப்பாய்.

பஸ் பணிமனை வாசலில் நடந்ததை நீ படத்தில்தான் பார்த்தாய். வேலைநிறுத்தம் செய்தவர்களைப் போலீஸ்காரர்கள் கம்பியால் அடித்தார்கள், ஓடியவர்களைச் சுட்டார்கள். நான் அப்பாவைத் தேடிப் போனபோது அந்தக் கம்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், வண்டி கழுவுகிற அதே குழாயில். ஒல்லிக் கண்டக்டர், சில்லறைக்குப் பதில் உனக்கு மிட்டாய் தருவானே, கழுத்தில் குண்டு பாய்ந்து பின்சக்கரத்தில் சாய்ந்து கிடந்தான். அவன் மடியில் அப்பா. வாயிலிருந்து பல்லும் ரத்தமுமாகக் கொட்டியது. ஒரு பல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஒட்ட வைப்பார்கள் என்று. பைத்தியக்காரி.

அந்த வேலைநிறுத்தத்தை ஆரம்பித்து வைத்தவன் உன் மாமா, என் தம்பி. அந்தத் தொழிலாளிகள் ஓட்டில்தான் சட்டமன்றத்துக்கே போனான். அவனே டிவியில் வந்து, சுட்டது சரி, அவர்கள் தொழிலாளிகளே இல்லை, கலகக்காரர்கள் என்றான். நீ உடனே எழுதினாய், மாமாவை அடித்துப் பேச வைத்திருக்கிறார்கள் என்று. ஆதாரமும் சொல்லியிருந்தாய். வலது கண் வீங்கியிருக்கிறது. சட்டை அவருடையது இல்லை, தொளதொளவென்று, சிறையில் கொடுத்ததாக இருக்கும். தாளை மூக்குக்கு நேரே பிடித்து, எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறார். அந்தக் கண்ணைப் பெரிதாக அச்சடித்து ஊர்வலம் போகப் போகிறாயாம்.

டிவியில் பேசிய அன்று மத்தியானம் அவன் இங்கே வந்தான். தனியாக. டிரைவர் தெருமுனையில் காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தான், காவலுக்கு யாருமில்லை, நானே எட்டிப் பார்த்தேன். அடுப்படியில் நின்று, சாயந்தரம் டிவியில் என்ன பேசப் போகிறான் என்று சொன்னான். பிள்ளைகளைப் பிடித்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை. அடித்தார்களா. இல்லை. பணமா. சிரித்தான். வாயால் சொல்ல முடியாவிட்டால் என் கையை அழுத்து, புரிந்துகொள்கிறேன் என்று கையை நீட்டினேன். பிடித்தான். அழுத்தவில்லை. "என்னை யாரும் மிரட்டலக்கா. நானே யோசிச்சுப் பாத்தேன். அன்னைக்குச் சுடலேன்னா நம்ம ஆளுங்க டீசல் டாங்கைக் கொளுத்தியிருப்பாங்க, தெருவே போயிருக்கும். சுட்டது சரிதான்." பிறகு, "மச்சான் காதுல விழப்போவுது, கதவைச் சாத்து."

கையில் மிக்ஸி ஜார் இருந்தது. அடித்தேன். கஞ்சி சுவரெல்லாம் தெறித்தது. புருவம் பிளந்தது. மறுபடி அடித்தேன், காதுமேல். அவன் கையைத் தூக்கவில்லை, அதுதான் எனக்கு வெறியேற்றியது, தடுத்திருந்தால் நிறுத்தியிருப்பேன். கீழே விழுந்தவனையும் அடித்தேன். கொன்றிருப்பேன் மகளே. அப்பா எப்படி எழுந்து வந்தார் தெரியாது, சுவரைப் பிடித்துக்கொண்டு தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம், மனிதச் சத்தமே இல்லை. நிறுத்தினேன். தம்பியின் சட்டை ரத்தமும் கஞ்சியுமாக இருந்தது. அப்பா ஆணியில் தொங்கிய தன் சட்டையை எடுத்து அவனிடம் நீட்டினார். தன் தாடையை உடைத்தவர்களுக்கு வக்காலத்து வாங்கப் போகிறவனுக்கு. அப்பாவையும் அடிக்கலாம் போல இருந்தது எனக்கு.

அதுதான் உன் சிறைச் சட்டை. ஒரு கண் மூடிவிட்டதால் தாளைக் கிட்டத்தில் பிடித்தான். கை நடுங்கியதே என்றும் எழுதியிருந்தாய். ஜார் பட்டதாலா, வேறு எதாலோ. அழுத்தாத அந்தக் கையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ரொம்பப் பயந்தவனுக்கு அழுத்தவும் பயமாக இருக்குமோ. பார், என் தம்பி என்பதால் இப்படித் தேடுகிறேன். உன் மாமா என்பதால் நீ தேடுகிறாய். ஒல்லியின் பெண்டாட்டிக்கு இந்தத் தேடல் இல்லை.

முந்தாநாள் அவன் டிரைவர் வந்தான். கண் எப்படி வீங்கியது என்று யார் கேட்டாலும் அக்கா வாயைத் திறக்க வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று ஐயா சொல்லச் சொன்னாராம். அந்தப் பக்கம் பதவி. இந்தப் பக்கம் பரிதாபம். நான் அடித்த அடியை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு நடக்கிறான். ஊர்வலம் போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கண்ணை அச்சடிக்காதே. ஒல்லியின் முகத்தை அச்சடி. மாமாவை அடித்தது யார் என்று கேட்டால், என் அம்மா என்று சொல். என்னைப் பிடித்துப் போவார்களே என்று யோசிக்காதே, கஞ்சி அடித்துக் கொடுக்க உன் சித்தியிடம் சொல்லி வைத்துவிட்டேன், உப்பை மட்டும் அள்ளிப் போடுவாள். ஜார் ஒடுங்கிவிட்டது, மூடி உட்காரவில்லை, துணி வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும், அதையும் அவளுக்குக் காட்டியாயிற்று.

நீ யாருக்கும் பயப்படாமல் நன்றாக வாழ வேண்டும், என் ஆயுசும் உனக்கே சேரட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. அடுத்த வாரம் அப்பாவுக்குக் கம்பி பிரிக்கிறார்கள், அன்றைக்கு மறக்காமல் கூப்பிடு. வாயைத் திறந்ததும் முதல் வார்த்தையாக என்னிடம், உன் தம்பிக்குக் கண் ஆறிவிட்டதா என்று கேட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அப்போது நீ போனில் இருக்க வேண்டும்.

உன்னைப் பெற்ற,
அம்மா