அப்பா குடித்த தண்ணீர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை. ஆக்சிஜனைக் குறைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார் டாக்டர். இதை முதலில் சொல்லிவிட்டேன், மீதியை நீ பதறாமல் படிக்கலாம்.

போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நேற்று நீ அனுப்பிய செய்தியை வார்டு வராந்தாவில் நின்று படித்தேன். “வீட்டுலயே ஒரு நர்ஸ் இருந்தும் இப்படியா? இனிமே அப்பா அத்தை வீட்டுல இருக்கட்டும். அங்கயாவது வயிறாரச் சாப்பிடட்டும்.” யாரோ வேலைக்காரியை நிறுத்துவதுபோல் என்னை நிறுத்தியிருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது எனக்குத் தெரியும் அண்ணா. அத்தை அன்றைக்கே அழுதுகொண்டே சொல்லிவிட்டார். நான் காலை டியூட்டிக்குப் போயிருந்தேன். நீ வீடியோவில் வந்தாய். அப்பா தண்ணீர் கேட்டார். கெட்டியாக்கும் மாவு கலந்ததைத்தான் கொடுக்கவேண்டும் என்று அத்தை சொன்னார். நீ என்ன சொன்னாய்? “பெத்த அப்பாவுக்கு ஒரு வாய் தண்ணிகூட இல்லையா? அவ புத்தகத்தைப் படிச்சுட்டு எல்லாரையும் மிரட்டுறா. கொடுங்க அத்தை, நான் பாத்துக்கறேன்.” ஒரு தம்ளர் முழுக்கக் குடித்திருக்கிறார். “பாத்தீங்களா, ஒரு இருமல்கூட வரல” என்று நீ சிரித்தாயாம்.

இருமல் வராததுதான் ஆபத்து. அதை உனக்கு மூன்று முறை சொல்லியிருக்கிறேன். உனக்கும் எனக்கும் தண்ணீர் தவறிப் போனால் புரையேறும், உயிர் போவதுபோல் இருமுவோம். பக்கவாதம் வந்தபோது அப்பாவுக்கு அந்தக் காவல் போய்விட்டது. தண்ணீர் சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போகும், அவருக்கே தெரியாது. அதனால்தான் நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைத் தாழ்த்தச் சொல்லி, அரைக் கரண்டி கொடுக்கிறேன். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். “ஆ” சொல்லச் சொல்லிக் குரலைக் கேட்கிறேன். இடது கன்னத்தில் எதுவும் தங்கியிருக்கிறதா என்று தேடுகிறேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம். “ஊட்டி விடறதுக்கெல்லாமா நாலு வருஷம் படிச்ச?” என்று நீ கேட்டாயே, ஆமாம், இதற்கும் சேர்த்துத்தான் படித்தேன்.

மதியம் நான் உள்ளே நுழைந்ததும் அப்பா “வந்துட்டியாம்மா” என்றார். அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. குரல் நனைந்திருந்தது, தொண்டைக்குள் ஏதோ கொழகொழவென்று. மூச்சை எண்ணினேன், இருபத்தெட்டு. நிமிஷத்துக்கு இருபதைத் தாண்டக்கூடாது. மருத்துவமனைக்குப் போன் செய்தால், “காய்ச்சல் இல்லையேம்மா, நாளைக்கு வாங்களேன்” என்றார் டியூட்டியில் இருந்த இளைய டாக்டர். “இருபத்தெட்டா? எந்த மெஷின்ல பாத்தீங்க?” என்று வேறு கேட்டார். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிஷம் எண்ணினேன் என்றேன். அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் வண்டி பிடித்துவிட்டேன். சாயங்காலம் காய்ச்சல் நூற்று மூன்று. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாக இருந்தது, நிமோனியா. நாளைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை.

மறுநாள் சொந்தக்காரர்கள் வந்து அதே டாக்டரின் கையைப் பிடித்து, “தெய்வம் மாதிரி கண்டுபிடிச்சீங்க” என்றார்கள். அவர் நெளிந்தார், பாவம். எனக்கு நன்றி வேண்டாம். ஆனால் கண்டுபிடித்தது டாக்டர், கெடுத்தது மட்டும் நர்ஸ் என்று நீயும் கணக்குப் போடுகிறாயே, அதுதான் பொறுக்கவில்லை.

நான் யாரிடமும் இப்படிச் சத்தம் போடுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். இப்போது போடுகிறேன். அப்பா என்னோடுதான் வருவார். மருத்துவமனையில் விழுங்கும் பயிற்சி கொடுக்கும் பெண்மணி சோதித்துச் சரி என்று சொல்லும்வரை வெறும் தண்ணீர் கிடையாது. அத்தையிடம் இதை நீயே சொல்லவேண்டும். நான் சொன்னால், அண்ணன் சொல்லட்டும் என்பார்.

இன்னொன்று. இன்று காலை அப்பாவுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். கேட்காமலே சொன்னார்: “அத்தைய எதுவும் சொல்லாதம்மா. அவன் போன்ல வரவே இல்ல. எனக்குத்தான் தாகம் பொறுக்கல. எழுந்து சமையலறைக்குப் போய் நானே மொண்டு குடிச்சேன்.”

படுக்கையில் தானாகப் புரண்டு படுக்க முடியாதவர் அண்ணா. ஒவ்வொரு முறையும் நான்தான் பிடித்துத் திருப்புகிறேன். உனக்காக அவர் எழுந்து சமையலறைவரை நடந்திருக்கிறார்.

“சரிப்பா, இனிமே அப்படிப் போகாதீங்க” என்றேன். அவருக்கு நிம்மதியாக இருந்தது.

இன்று மாலை நான் போனை அவர் காதருகே தலையணையில் வைத்துவிடுகிறேன். நீ அழைத்து, தண்ணி கொடுக்கச் சொன்னது நான்தான்பா என்று சொல்லிவிடு. நான் அறைக்கு வெளியே நிற்கிறேன்.

எல்லோரும் சுகமாக இருங்கள்.

உன் தங்கை