கடைசியாக வந்தவரின் மண்வெட்டி

“நான் கடைசி இல்ல சாமி. எனக்குப் பெறகும் ஒரு ஆளு வந்திருக்கு. அவரக் கேளுங்க.”

“உனக்குப் பெறகா? யாரும்மா அது?”

“அந்தா, குடை நெழல்ல உக்காந்திருக்காரே, அவருதான்.”

நீர்வாய்ப் பட்டினத்துச் சபையிலிருந்து எழும் ஓலையில் குடிகளின் சொல் முதலிலும் கோவின் திருப்பெயர் அதன் பின்னும் நிற்க வேண்டும் என்பதும், சபையில் பேசிய பேச்சை எழுதுவோர் அழகுபடுத்தலாகாது என்பதும் பேரரசரின் முன்னோர் இந்நகருக்கு அளித்த உரிமைகள். ஆகவே மேற்கண்ட சொற்கள் திருமுன் முந்தி வந்து நின்றதைப் பொறுத்தருள்க.

மேகம் தங்கும் மலைகளுக்கும், அம்மலைகள் ஈன்ற ஆறுகளுக்கும், அவ்வாறுகள் சென்று சேரும் கரைகளுக்கும் உரியவராகிய பொன்வரை நாட்டுப் பேரரசர் நெடுவரையப் பெருந்தேவர் திருவடிக்கு, நீர்வாய்ப் பட்டினத்துக் கரையதிகாரி பூதிகண்டன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. குன்றக்கோட்டையில் மழை அளவாகப் பெய்க, தினை முற்றுக, யானைகள் நோயின்றி வாழ்க, இளவரசி நன்முகை நாச்சியாரின் மணநாள் குறையொன்றும் இன்றி நிறைவேறுக. அரசுப் பணியில் உள்ளோர் பேரரசருக்கு எழுதுகையில் தம்மை ‘நான்’ என்று சொல்லிக்கொள்ளலாகாது என்னும் முறைப்படி, பூதிகண்டன் செய்ததும் நினைத்ததும் இவ்வோலையில் வேறொருவன் கதை போலவே வரும்.

மலையில் இருந்தருளும் பேரரசருக்கு இக்கரையின் வழக்கத்தை முதலில் சொல்லியாக வேண்டும். கோடை முழுவதும் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டுவதால், நெடுமருதாறு கடல் சேரும் இடத்தில் ஆற்றின் வாய் அடைபட்டு ஒரு மணல்திட்டு எழும். ஐப்பசி மழையில் ஆறு பெருகும். திட்டைத் தாண்டமாட்டாமல் பின்வாங்கும். பின்வாங்கிய நீர் நகரின் தெருக்களைத் தேடி வரும். அப்போது ஊர் திரண்டு சென்று திட்டை வெட்டி, ஆற்றைக் கடலில் விடும். வெட்டுவது எளிது, எங்கே வெட்டுவது என்பதே பகை. வாய் திறக்கும் பக்கத்தில் படகுகள் நிற்க இடம் கிடைக்கும். மறு பக்கத்தில் கரை அரிக்கும். வடகரையாரும் தென்கரையாரும் இதற்காக மோதி, மண்வெட்டிகள் மண்ணை விட்டு மனிதரை வெட்டிய காலமும் இருந்தது. அதன் பிறகே இப்போதுள்ள முறை வந்தது. ஊருக்குக் கடைசியாகக் குடிவந்தவர் எவரோ, எக்கரையிலும் உறவும் பகையும் இல்லாதவர் எவரோ, அவரே இடம் குறித்து முதல் வெட்டு வெட்டுவார். அவர் கை படாமல் வேறு கை படாது. வெட்டுமுன் சபை அவரை நடுவில் இருத்தி, இந்த ஊர் இனி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கும். பழங்குடிகளுக்கு ஊர் எப்படி இருந்தது என்பதே கண்ணில் நிற்கும். எப்படி இருக்கலாம் என்பது புதிதாக வந்த கண்ணுக்கே தெரியும் என்பது இவர்களின் துணிபு.

இவ்வாண்டு அத்திட்டின்மேல் மணப்பந்தல் நிற்கிறது. கடலுக்கு அப்பாலிருந்து மணமகனார் வந்திறங்குவதற்கென அரண்மனைத் தச்சர் கோடையில் இங்கே வந்து இடம் பார்த்தபோது, வீடும் மரமும் வேலியும் இல்லாத பரந்த வெளி நகரில் இது ஒன்றே என்று கண்டு மகிழ்ந்தனர். இத்தனை நெருக்கமான ஊரில் அவ்விடத்தை மட்டும் ஏன் எவரும் தொடாமல் விட்டனர் என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. மலையில் நேற்று இருந்த நிலம் இன்றும் இருக்கும். மணவிழா முடியும்வரை திட்டில் மண்வெட்டி படலாகாது என்னும் திருமுக ஆணையைப் பூதிகண்டனே பறையறைந்து அறிவித்தான்.

மழை முந்திக்கொண்டது. மீன் உலர்த்தும் களம் முழுகியது. உப்பளத்தில் குவித்து ஓலை வேய்ந்திருந்த உப்பு, ஓலை மட்டும் மிதக்க, அடியோடு கரைந்தது. கீழத்தெருவில் அடுப்புகளைக் கட்டிலின்மேல் ஏற்றிச் சமைக்கிறார்கள். இந்நிலையில் சபைத்தலைவர் திரைமாறனார் ஊரைக் கூட்டினார். ஆணை இருக்கையில் வெட்டலாமா என்பதைப் பிறகு பேசுவோம், கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவோம் என்று சொல்லி, கோடையின் தொடக்கத்தில் மேற்கிலிருந்து வந்து குடியேறிய வெள்ளாயி என்னும் குயத்தியை நடுவில் இருக்கச் சொன்னார். அவள் எழுந்து சொன்ன சொற்களே இவ்வோலையின் தொடக்கத்தில் நிற்பவை. அவள் காட்டிய விரலின் முனையில் இருந்தவன், கோடை கழிந்தபின் இங்கே பணியேற்று வந்த பூதிகண்டன்.

தான் அரசால் அனுப்பப்பட்டவன், குடிவந்தவன் அல்லன் என்று பூதிகண்டன் மறுமொழி கூறினான். அப்போது கரைவலைக்காரரின் தலைவன் கொம்பன் எழுந்தான்.

“ஐயா, இந்த ஆவணியில ஒரு நாள் விடியக்காலம், எங்க வலைக்கயித்தப் பிடிச்சு இழுத்தீகளா, இல்லியா?”

இழுத்தது உண்மை. கடலையே கண்டிராத மலைநாட்டான் ஒருவன், ஊரே ஒரு கயிற்றைப் பிடித்துக் கடலைக் கரைக்கு இழுப்பதுபோல் இழுப்பதைக் கண்டு, குடையை மணலில் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தானும் கை வைத்தான். அதை ஒப்புக்கொண்டான்.

“பங்கு வாங்குனீகளா?”

அன்பளிப்பாகத் தந்த மீனை மறுப்பது முறையன்று என்று வாங்கிக்கொண்டதாகப் பூதிகண்டன் கூற, சபை சிரித்தது.

“அன்பளிப்பா! நல்லா கேட்டுக்கங்க. அது பங்குங்கய்யா. கயித்தப் பிடிச்சவனுக்குப் பங்கு, பங்கு தின்னவன் ஊர்க்காரன். எங்க பாட்டன் காலத்துலேருந்து அதான் கணக்கு. மீன் திங்கயில ஊர்க்காரரு, மம்பட்டி எடுக்கயில அரமனைக்காரரா?”

“கொம்பா, வாய அடக்கு,” என்றார் திரைமாறனார். “அவரு கையில அரச ஆணை இருக்கு.”

“அவரு கையில ஆணை, எங்க காலுல தண்ணி.”

பூதிகண்டன் இரு பக்கமும் எண்ணிப் பார்த்தான். வழக்கத்தை மறுத்தால் முதல் வெட்டுக்கு ஆளில்லை. வேறு எவன் வெட்டினாலும் இரு கரைகளும் பழைய பகையை எடுத்துக்கொள்ளும். வழக்கத்தை ஏற்றால் தான் அறைவித்த ஆணையைத் தானே மீற வேண்டும். மீறிய அதிகாரிக்கு உரிய தண்டம் என்ன என்பதை அவன் அறியாதவன் அல்லன். காலம் தேடி, வெள்ளாயி எண்ணி வைத்ததை முதலில் கேட்போம் என்று வேண்டினான்.

“நான் சொல்றது செல்லாதுங்கய்யா. ஆனாலும் யோசிச்சு வச்சத வீணாக்குவானேன்,” என்று அவள் தொடங்கினாள். அவள் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுவது சபையின் உரிமை. அதில் திருவுள்ளம் வருந்தும் சொல் இருப்பின் அப்பழி எழுதியவனைச் சேர்க.

“எங்க ஊரு மேக்க, மலையடிவாரம். ஏரி வரப்போவுதுன்னு அரமனையில முடிவு பண்ணுனாங்க. ஏரி நல்லதுதான், நான் கொற சொல்லல. ஆனா தண்ணி வந்த அன்னிக்குத்தான் எங்களுக்கே தெரியும். சூளையில அடுக்குன பச்சப்பானையெல்லாம் அப்படியே சேறா கரைஞ்சுபோச்சு. இங்க வந்து எறங்குனப்ப ஒரு பொம்பள எங்கிட்ட வந்து, ஏம்மா, மழைக்குள்ள வேற யாரும் வரலைன்னா நீதான் சொல்லணும், ஊரு எப்படி இருக்கணும்னு யோசிச்சு வையின்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தலைக்கு மேல ஒரு கூர கெடைக்காதான்னு வந்தவகிட்ட ஊரக் கேக்குறாளே! பெறகு சக்கரத்துல கை வச்சாலே அந்த நெனப்புதான்.

“கடலு கிட்ட வந்துக்கிட்டே இருக்கு. உங்க எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயத் தொறந்து சொல்றதில்ல. கீழத்தெரு நாளைக்கு நமக்கில்ல. அது போறதுக்கு முன்னால மேட்டுல தெருவப் போடுங்க. வடகர, தெங்கரன்னு பிரிக்காம கலந்து குடிவைங்க, அப்புறம் சண்ட போட கர இருக்காது. தண்ணி நடக்குற எடத்த தண்ணிக்கே விட்டுருங்க. நமக்கு இத்தன தெரு இருக்கே, அதுக்கு ஒன்னு வேணாமா? இனிமே என்னாட்டம் ஊரு போனவங்க நெறையா வருவாங்க. அவங்களயும் இதே மாதிரி உக்கார வச்சுக் கேளுங்க. எனக்கு ஒரு சூள போடணும், உப்புக்காத்து படாத எடமா. அவ்வளவுதான்.”

“ஊரையே தூக்கி மேட்டுல வைக்கச் சொல்லிட்டு அவ்வளவுதாங்குது,” என்றான் கொம்பன். சிரித்தவர்கள் பலர், ஆயினும் கீழத்தெருவார் சிரிக்கவில்லை.

அதன்பின் திரைமாறனார் எழுந்து, முறை தவறாமல், இந்த ஊர் இனி எப்படி இருக்க வேண்டும் என்று பூதிகண்டனைப் பார்த்துக் கேட்டார். கடல்கடந்த நாடுகளின் கதைகளை நம் மொழியில் ஆக்கித் தந்த ஏடுகளில் அவன் எத்தனையோ துறைமுகங்களைப் படித்திருக்கிறான். பனி மூடிய கோட்டையில் இருந்துகொண்டே அவற்றின் கோபுரங்களையும் பாலங்களையும் மனத்தில் எழுப்பியிருக்கிறான். இப்பணிக்கு அவன் விரும்பி வந்ததும் அதனாலேயே. ஆனால் கணுக்கால் நீரில் நின்று கேட்கப்பட்டபோது அக்கோபுரங்களில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அடுத்த மழையிலும் இக்கேள்வியைக் கேட்க இங்கே ஓர் ஊர் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னான். சபை அதைச் சிறிய விருப்பம் என்று எள்ளவில்லை. கொம்பன் ஒரு மண்வெட்டியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தான்.

எல்லோரும் திட்டுக்குச் சென்றனர். எக்கரைக்கும் சார்பின்றி, மணல் மெலிந்தும் தாழ்ந்தும் கிடக்கும் இடத்தையே குறிப்பது முறை. பூதிகண்டன் நடந்து பார்த்தான். மறுபடியும் நடந்து பார்த்தான். அவ்விடம் மணமேடையின் நேர்கீழே இருக்கிறது. ஒரு பக்கம் நெடுமருதாறு பந்தற்கால்களைத் தொட்டுக்கொண்டு, பழுப்பேறி, அசையாமல் நிற்கிறது. மறுபக்கம் கடல் மிகவும் தாழ இருக்கிறது. இடையில் இருப்பது கொஞ்சம் மணல். மண்வெட்டியை ஓங்காமல் மணலில் கிடத்தினான். பேரரசரின் சொல் இன்றி வெட்டமாட்டேன் என்றும், ஓலை விடுத்து விடை பெறும்வரை பொறுக்க வேண்டும் என்றும் சபையை வேண்டினான்.

“ஓல மலைக்குப் போயி வர்ற வரைக்கும் பொறுக்குமான்னு தண்ணியத்தான் கேக்கணும்,” என்றார் திரைமாறனார்.

வெள்ளாயி அவர் கையைத் தொட்டு அமர்த்தினாள். “கேட்டுப் பாருங்கய்யா,” என்றாள் பூதிகண்டனிடம். “எங்களத்தான் யாரும் கேக்கல. உங்க பேச்சயாவது கேப்பாக.”

பேரரசே, அச்சொல்லுக்குப் பின் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே பூதிகண்டன் பணிந்து விண்ணப்பிப்பதாவது. பந்தலின் பட்டுகளும் பொற்குடங்களும் நனையாத இடத்துக்கு ஏற்கெனவே கொண்டுசெல்லப்பட்டன. கால்களையும் மேடையையும் பழுதின்றிப் பிரித்து மேட்டில் நிறுத்தித் தருவதாகப் பட்டினத்துத் தச்சர் வாக்களித்துள்ளனர். முழுகிய நகரில் எத்துணை அழகிய பந்தல் நின்றாலும் மணமகனாரை எதிர்கொண்டு அழைக்கக் குடிகள் இரார். இது குற்றம் எனின் குற்றம் முழுவதும் அதிகாரியுடையது. சபையாரும் கொம்பனும் வெள்ளாயியும் வழக்கத்தைச் சொன்னவர்களேயன்றி ஆணையை மறுத்தவர்கள் அல்லர்.

இதில் பட்டினத்துச் சபையின் சங்கு இலச்சினை இடப்பட்டது. அரச இலச்சினை அதிகாரியின் பேழையில் இருந்தபோதிலும் அது இடப்படவில்லை. இது ஆணை அன்று, வேண்டுகோள். ஓலை கொண்டுவரும் குதிரைக்காரனை வாயிலில் நிறுத்தாமல் உள்ளே விடுக. அவனுக்கு உணவிடுக, உறங்கவிடாமல், வேறு குதிரை தந்து, அன்றே திருப்புக. நீண்ட திருமுகம் வேண்டா. வெட்டுக என்னும் ஒரு சொல் போதும்.

வெட்டாதே என்பதே திருவுள்ளமாயின், பூதிகண்டன் அதற்கும் தலை தாழ்த்துவான். ஆனால் அச்சொல்லை வெள்ளாயியிடம் எடுத்துச் சொல்ல, அருள்கூர்ந்து, வேறொருவரை அனுப்பி வைக்குமாறு வேண்டுகிறான்.