இன்னொரு இருபத்தொன்று

என்னங்க,

நீங்கள் கழனியிலிருந்து வருவதற்குள் நான் மெட்ராஸ் காரில் ஏறியிருப்பேன். சாவி பக்கத்து வீட்டு ருக்குமணியிடம். கத்தரிக்காய்க் குழம்பு இரண்டு வேளைக்கு வரும்.

தீபாவளி நோன்புக்கு இருபத்தோரு அதிரசம் சுட்டு, பிஸ்கட் டின்னில் அடுக்கி, உங்கள் பழைய வேட்டியால் கட்டி பாரீசில் இருக்கும் நம் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். படைக்கும் முன் யார் வாயும் படக்கூடாது. ஆனால் "ஏர்போர்ட்ல டின்னப் பிரிச்சி, ஆளுக்கொண்ணு கடிச்சிப் பாப்பானுங்கக்கா" என்று ருக்குமணி சொன்னதிலிருந்து கட்டுக்கு முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பிளேன் விழுந்துவிடுமோ என்ற பயம் வேறு.

எனக்கு என்ன ஆனாலும் நம் குணசீலன் பேரில் நோன்பு நின்றுபோகக் கூடாது. அதனால் இன்னொரு இருபத்தொன்று சுட்டுப் பானையில் மூடி வைத்திருக்கிறேன். பசித்தாலும் கை வைக்காதீர்கள். அமாவாசையன்று நீங்களே படையுங்கள். "பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவன் எனக்குப் புள்ளயே இல்ல" என்று நேற்று கத்தினீர்களே, அதைச் சாமி முன்னால் சொல்லிவிடாதீர்கள்.

அஞ்சலாட்சி

மறந்துவிட்டேன். அவனுக்கும் மருமகளுக்கும் நோன்புக் கயிறு எடுத்துக்கொண்டேன். பானைமேல் இரண்டு கயிறு இருக்கும். ஒன்று உங்களுக்கு. மற்றது என்னுடையது, படைத்து எடுத்து வையுங்கள். கல்யாணமான நாளிலிருந்து வருஷா வருஷம் நீங்கள்தான் கட்டிவிடுகிறீர்கள். வேறு யார் கட்டினாலும் எனக்கு நோன்பு முடியாது. அதற்காகவாவது நான் உயிரோடு திரும்பி வரவேண்டும்.