ராத்தா தடுத்த ஊசி

ராத்தா,

இன்று பல் டொக்டரிடம் போயிருந்தேன். வாய் கொப்பளிக்கத் தந்த மருந்தின் வாசம் மூக்கில் ஏறியதும், தாடை உடைந்து நான் கிடந்த ஆஸ்பத்திரி வாட்டும், கட்டிலருகே கதிரையில் நீங்கள் இருந்ததும் நினைவுக்கு வந்தன.

துறைமுக வீதியில் மோட்டார் சைக்கிள் மோதி விழுந்ததில் கீழ்த்தாடை உடைந்திருந்தது. எலும்பைப் பொருத்தித் தகடு வைக்க வேண்டும் என்றார்கள். வலிக்குப் போட்ட மருந்தில் நான் அரை மயக்கமாகக் கிடந்தேன். ஒத்துவராத மருந்து ஏதும் உண்டா என்று வாட்டுத் தாதி, மிஸ்ஸி, கேட்டதற்கு, கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் கணவர், "அப்படி ஒண்டும் இல்லை" என்றார். அவருக்குத் தெரியாது.

தெரிந்தவர், என்னோடு வேலை செய்த, அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிட்ட நீங்கள்தான். அலுவலகத்தில் ஒருநாள், பல்வலிக்கு பாமசியில் வாங்கிய, பெனிசிலின் இனத்து அமொக்சிசிலினை விழுங்கிய கொஞ்ச நேரத்தில் என் உதடு வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நீங்கள். தூர தேசத்தில் இருப்பவரை ஏன் பயப்படுத்த வேண்டும் என்று, கணவரிடம் தோலில் சின்னக் கடி, அரிப்பு என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

அறுவைச் சிகிச்சையன்று காலை நீங்கள் உங்கள் ஊரான மூதூரிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது, மிஸ்ஸி ஊசியோடு நின்றார்.

"என்ன மருந்து மிஸ்ஸி இது?"

"கிருமி பிடிக்காமல் இருக்க. தியேட்டருக்குப் போக முதல் போடவேணும்."

"பெனிசிலின் இனமா?"

"ஓம்."

"போடாதீங்க. இவக்கு அது ஏலாது. மூச்சு எடுக்க ஏலாமக் கிடந்தவ. நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

உங்கள் குரல் உயரவில்லை. ஆனால் குழாய் ஏற்றியிருந்த என் கையை உங்கள் கையால் பொத்திப் பிடித்திருந்தீர்கள். டொக்டர் வந்து விசாரித்து வேறு மருந்துக்கு மாற்றினார். அப்போதும் நீங்கள் விடவில்லை.

"சீழ் பிடிக்க முதலே மருந்து என்னத்துக்கு டொக்டர்?"

"வாயில எப்பவும் கிருமி இருக்கும் அம்மா. வெட்டுற இடத்தால எலும்புக்குப் போய்ச் சீழ் கட்டினால், தகட்டையே கழற்ற வேண்டி வரலாம். அதுதான் முந்தியே குடுக்கிறம்."

சீழ் கட்டவில்லை. வீட்டுக்கு வந்தபின், கணவரின் தாயான மாமி இன்னும் கொஞ்ச நாளைக்கு அந்த மருந்தையே வாங்கிப் போடச் சொன்னார். "டொக்டர் நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுறதுதான். உப்புத் தண்ணியால கொப்பளிக்கட்டும்" என்று நீங்கள் கதையை முடித்துவிட்டீர்கள். வாய் திறக்க முடியாத அந்த வாரங்களில், நீங்கள் வடித்துக் கொண்டுவந்த கஞ்சியை உறிஞ்சித்தான் கிடந்தேன்.

போன வருடம் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தபோது, அப்படிப் பக்கத்தில் நிற்க எனக்கு வாய்க்கவில்லை. செய்தி கிடைத்து நான் மூதூருக்கு வர, அடக்கம் முடிந்திருந்தது. உங்கள் மகள் என்னை முன்பின் கண்டதில்லை. பெயரைச் சொன்னதும் உள்ளே திரும்பி, "உம்மாட பெனிசிலின் ஏலாத கூட்டாளி வந்திருக்கிறா" என்றாள். உள்ளே இருந்தவர்கள் எல்லோருக்கும் அது போதுமாக இருந்தது. எனக்கு இடம் விட்டு நகர்ந்து அமர்ந்தார்கள்.

அலுவலகத்துக்குப் புதிதாக யார் வந்தாலும், ஒன்றாகச் சாப்பிடும்போது நான் கேட்டுவிடுகிறேன்: "உங்களுக்கு ஒத்துவராத மருந்து ஏதும் இருக்கா?" சிலர் சிரிப்பார்கள். அவர்கள் சொல்வதை நான் மறப்பதில்லை.