பழுது ஒன்றும் இல்லை

மதிப்பிற்குரிய மிதவைக்காரருக்கு,

இந்தக் கடிதத்தின் தலையில் 'பொருள்' என்றும் 'பார்வை' என்றும் எதுவும் இல்லை. முதலில் அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். துறைமுக அலுவலகத்திலிருந்து உங்கள் கம்பெனிக்கு நான் தட்டச்சு செய்து அனுப்பிய கடிதங்களிலெல்லாம் பொறியாளரின் கையெழுத்துதான் இருக்கும். இது மட்டும் என்னுடையது. அலுவலகத் தாளைத் தொடவில்லை, தபால்தலையும் நானே வாங்கியதுதான். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே காலம் போய்விடும்போல் இருந்ததால் எழுதிவிட்டேன்.

அங்கே வேலை எப்படிப் போகிறது? ஆற்று முகத்துவாரத்தில் சேற்றுத் தண்ணீர், முங்கினால் கை நீட்டிய தூரம்கூடத் தெரியாது என்று உங்கள் கிரேன்காரர் போனில் பொறியாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரல் பெரியது, பக்கத்து மேஜையில் இருந்த என் காதிலும் விழுந்தது. உங்களுக்கு இடது காது வலிக்குமே, பஞ்சு வைத்துக்கொள்கிறீர்களா?

இங்கே எல்லோரும் நலம். அப்பா இன்னும் ஐஸ் பாக்டரியில்தான். மாலையில் சைக்கிளோடு துறைமுகக் கேட்டில் எனக்காகக் காத்திருப்பார். ஒருநாள் நீங்கள் நின்று அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனீர்கள். "அந்த மிதவைக்காரத் தம்பி மரியாதை தெரிஞ்ச ஆளு" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து எழுதிய முதல் கடிதம் நினைவிருக்கிறதா? 'மூன்றாம் எண் மிதவையைப் பழுது பார்க்கவும்' என்று எழுதியிருந்தேன். நீங்கள் படகில் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஈரச் சட்டையோடு என் மேஜை முன்னால் வந்து நின்றீர்கள். "பழுதைப் பார்க்கச் சொல்லியிருந்தீங்க. பார்த்துட்டேன், அங்கேயேதான் இருக்கு. சரி பண்ணணும்னா அதையும் எழுதிக் குடுத்துடுங்க" என்றீர்கள். அறையே சிரித்தது. நான் மட்டும் நிஜமென்று நம்பி, புதிதாக ஒரு கடிதம் தட்ட ஆரம்பித்துவிட்டேன். அன்றைக்கு நீங்கள் எனக்கு வைத்ததுதான் 'பொருள் பார்வை' என்ற பெயர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். யாராவது கேலி செய்தால்கூடப் பாடம் நடத்துகிறார்கள் என்று நினைத்துக் குறிப்பெடுக்கிற புத்தி இன்னும் போகவில்லை.

நீங்கள் வேலை முடித்துப் போன பிறகு ஒரு மிதவைகூட நகரவில்லை. வயிற்றில் ஒட்டியிருந்த சிப்பியையெல்லாம் சுரண்டி, தேய்ந்த சங்கிலியை மாற்றி, மஞ்சள் பூசித் திரும்ப இறக்கினீர்களே, அப்படியே நிற்கின்றன. மூன்றாம் எண்ணுக்கு மட்டும் இன்னொரு பூச்சுக் கொடுத்தீர்கள். ஏன் என்று பொறியாளர் கேட்டதற்கு, "அது ஜன்னலுக்கு நேரா நிக்குது சார், அசிங்கமா இருக்கக் கூடாது" என்றீர்கள். அந்த ஜன்னல் பக்கம் இருப்பது என் மேஜை ஒன்றுதான்.

கிளம்புகிற அன்று, "உத்தரவாதக் காலம் முடியிறதுக்குள்ள எது பழுதானாலும் ஒரு வரி எழுதுங்க, ஓடி வர்றேன்" என்றீர்கள். நான் "சரி சார்" என்றேன். எத்தனையோ வார்த்தை இருக்க, வாயில் வந்தது அதுதான்.

போன மாதம் பெரிய காற்று அடித்தது. கட்டியிருந்த கப்பல்கள் எல்லாம் கயிற்றை இழுத்துக்கொண்டு ஆடின. மறுநாள் காலையில் நான்தான் முதலில் அலுவலகம் போனேன். ஜன்னலைத் திறந்தால் மூன்றாம் எண்ணைக் காணவில்லை. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து 'பொருள்' என்று தட்டக்கூட ஆரம்பித்துவிட்டேன். அதற்குள் ஒரு எண்ணெய்ப் படகு மெல்ல நகர்ந்தது. அதற்குப் பின்னால் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றுகொண்டிருந்தது உங்கள் மிதவை. தட்டியதை அழித்தேன். அந்த மிதவையில்தான் கப்பலைக் கட்டி நிறுத்துகிறார்கள், கப்பலில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் பிறகுதான் உறைத்தது. ஆனாலும் சொல்கிறேன், இவ்வளவு நன்றாக வேலை செய்திருக்க வேண்டாம் நீங்கள்.

இன்னொரு செய்தி. அடுத்த பராமரிப்பு டெண்டர் முடிந்துவிட்டது. குறைந்த தொகை கேட்ட வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டது. ஆணையைத் தட்டியதும் நான்தான். ஆகவே இந்த மாதத்தோடு உத்தரவாதமும் முடிந்தால், உங்களுக்கு எழுத எங்கள் அலுவலகத்தில் காரணம் எதுவும் மிச்சமிருக்காது.

வீட்டிலும் ஒரு பேச்சு நடக்கிறது. அத்தை ஒரு வரன் சொல்லியிருக்கிறார். நல்ல இடம்தானாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்க வருகிறார்கள். மனசில் யாராவது இருக்கிறார்களா என்று அம்மா சமையலறையில் வைத்துக் கேட்டாள். இல்லை என்றேன். "பொய் சொல்லக்கூட வரலையே உனக்கு. இவ்வளவு படிச்சு என்னடி புண்ணியம்?" என்றாள். திட்டினாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, "ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு" என்று பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

காதைக் கவனித்துக்கொள்ளுங்கள். காற்று கிளம்பினால் படகை விட்டு இறங்கிவிடுங்கள். கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. உத்தரவாதக் காலம் முடிவதற்கு முன் இரு தரப்பும் சேர்ந்து மிதவைகளைப் பார்வையிட வேண்டும் என்பது விதி. அதற்கு வரும் வியாழக்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள். 'தங்கள் தரப்பிலிருந்து ஒருவரை அனுப்பி வைக்கவும்' என்று இன்று உங்கள் கம்பெனிக்குக் கடிதம் போயிருக்கிறது. பொறியாளர் சொன்னபடி 'ஒருவரை' என்றுதான் தட்ட முடிந்தது. யார் வந்தாலும் சட்டப்படி சரிதான்.

அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டும். பழுது ஒன்றும் இல்லை. இருந்தாலும் பார்க்க வாருங்கள்.

இப்படிக்கு,
பொருள் பார்வை